இங்கிலீசில் என்னை எழுதியவர்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் பல வருடங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற என்னை, தெரிந்த ஒருவர் வளாகத்தில் சிற்றூழியராகச் சேர்த்துவிட்டார். முதலில் விடுதிப் பக்கம் வேலை செய்தேன். பிறகு இங்கிலீஸ் படிப்பிக்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். வகுப்பறை திறப்பது, கரும்பலகை துடைப்பது, தேநீர் வாங்கி வருவது, ரோனியோ மெஷின் சுற்றித் தாள் அடிப்பது, இவைதான் என் வேலை. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோன பிறகும் அந்த மெஷின் நிற்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் போதும்.

பரீட்சைக் கேள்வித்தாள்களையும் என்னிடமே தந்தார்கள். எனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது என்பதுதான் அதற்கு நான் பெற்றிருந்த தகைமை. பரீட்சைக்கு முதல் கிழமை பிள்ளைகள் யன்னலடியில் வந்து நிற்பார்கள்.

"அண்ணை, கேள்வி எப்பிடி வந்திருக்கு?"

"நல்ல கறுப்பாய் வந்திருக்கு" என்பேன்.

அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. ஸ்டென்சில் பழசு, மை மங்கலாக விழும். கறுப்பாக விழுந்தது எனக்குப் பெரிய ஆறுதல். அதைத்தான் சொன்னேன்.

அங்கே படிப்பித்தவர்களில் எனக்கு அதிகம் வேலை வைத்தவர் ஒரு மிஸ். ஐம்பது வயது இருக்கும். கொழும்பில் படிப்பித்துக்கொண்டிருந்தவர், எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த சேலையோடு கப்பலில் வந்து இறங்கியவர். சைக்கிளில் வருவார், என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். பிள்ளைகளுக்கு இங்கிலீசில் ஒரு பந்தி எழுதப் பழக்குவது அவருடைய பொறுப்பு. ஒரே ஒரு பந்தி. கணக்கு, வரலாறு, பொருளாதாரம் என்று தடித்த புத்தகங்களைச் சுமந்து திரியும் பிள்ளைகளுக்கு ஒரு பந்தி எழுத ஒரு வருடப் படிப்பு எதற்கு என்று நான் நெடுகலும் யோசித்திருக்கிறேன்.

அதைவிடக் குழப்பம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் எழுதிய தாள்களை நான்தான் அடுக்கி எடுத்துப் போவேன். சில தாள்கள் முத்துமுத்தான எழுத்தில், ஓரிடத்திலும் வெட்டுக்கொத்து இல்லாமல், பக்கம் நிறைய இருக்கும். அவற்றின் குறுக்கே மிஸ் மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். வேறு சில தாள்களில் நாலு வரி கோணல்மாணலாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு ஏதோ எழுதுவார். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பலகையில் எழுதுவதை அப்படியே பார்த்து எழுதியவன்தான் கெட்டிக்காரன். ஒரு சுழி கூடக்குறையாமல் எழுதினேன் என்று ஒருநாள் என் முதுகில் தட்டினார். படிப்பில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. இங்கே அப்படி எழுதினால் சிவப்புக் கோடு.

பிறகு மெல்ல மெல்ல ஒன்று தெரிய வந்தது. அந்த அழகான தாள்கள் எல்லாம் ரியூட்டரி என்கிற தனியார் வகுப்புகளில் இருந்து வந்தவை. ரியூட்டரிகளில் மாதிரிக் கட்டுரைகள் கொடுப்பார்கள். என் தாத்தா, எங்கள் ஊர்த் திருவிழா, நான் விரும்பும் பிராணி, மழைநாள். பிள்ளைகள் அவற்றைத் தேவாரம் போலப் பாடமாக்கி வைத்திருப்பார்கள். பரீட்சையில் எந்தக் கேள்வி வந்தாலும் அதற்குக் கிட்டியதாக ஒன்றை எடுத்து இறக்கிவிடுவார்கள். நானும் தேவாரம் அப்படித்தான் படித்தேன். சொந்தமாக ஒரு தேவாரம் கட்டு என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே என் மனம் பிள்ளைகளின் பக்கமே நின்றது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டாக இருக்கவேண்டும். ஒருநாள் வெண்கட்டி கொடுக்க வகுப்புக்குள் போனேன். துடைப்பானும் கையில் இருந்தது.

"தம்பி, ஒருக்கால் உதிலை நில்லும்" என்றார் மிஸ். நின்றேன். பிள்ளைகளைப் பார்த்து, "இந்த மனிசனைப் பாருங்கோ. நல்லாய்ப் பாருங்கோ. இவரைப் பற்றி ஒரு பந்தி எழுதுங்கோ" என்றார்.

எனக்கு வேர்த்துவிட்டது. நான் நாலுபேர் முன்னால் தலை நிமிர்த்தாதவன். கலியாணத்தில் படம் எடுத்தபோதுகூடக் கீழே பார்த்தவன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பின்சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேனைகள் ஓடின. பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதினார்கள். புதுத்தாளுக்கு அப்போது அவ்வளவு தட்டுப்பாடு.

மிஸ் தாள்களை வாங்கி, ஒன்றை முதலில் இங்கிலீசில் வாசித்தார். பிறகு எனக்காகவோ என்னவோ தமிழில் சொன்னார்.

"இவர் எங்கள் தாத்தா. இவருக்கு எண்பது வயது. இவருடைய தலைமயிர் பஞ்சு போல வெள்ளை. இவர் பொல்லூன்றி நடப்பார். இவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மாலையில் எங்களுக்கு நல்ல கதைகள் சொல்லுவார்."

அடுத்த தாளிலும் அதே தாத்தா. மூன்றாவது தாளில் தலைமை ஆசிரியர் தபால் அதிபராக மாறியிருந்தார். அது வேறு ரியூட்டரியாம்.

"இந்த மனிசனுக்கு எங்கை பொல்லு?" என்று மிஸ் கேட்டார்.

"டஸ்டர் வைச்சிருக்கிறார் மிஸ், பொல்லு வீட்டிலை" என்றான் பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவன்.

"தலை வெள்ளை எண்டு கிடக்கு. முப்பத்தைஞ்சு வயசு மனிசன்."

"வெண்கட்டித் தூள் மிஸ்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரிக்கவேண்டுமா என்று தெரியவில்லை. என் முன்னால் இருந்துகொண்டு என்னைப் பார்த்து எழுதியவர்கள் எப்படி இன்னொருவரை எழுதினார்கள்? அவ்வளவு நேரமும் நான் அங்கே நிற்கவில்லையா?

முன்வரிசை வாங்கில் ஒரு பெண்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய தாள்தான் எல்லாவற்றிலும் அழகானது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் மிஸ்ஸின் மேசையடியில் நின்றார். நான் பலகை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ், நான் ஒரு பிழையும் விடேல்லையே."

"ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. ஆனால் உதிலை உம்மையும் காணேல்லை, உந்த மனிசனையும் காணேல்லை."

"சொந்தமாய் எழுதினால் எல்லாம் பிழையாய் வரும் மிஸ்."

"வரட்டும்."

"பிழை வந்தால் பெயிலாக்கிப் போடுவினம்."

"உதுக்கும் பெயில்தானே போட்டவை. இரண்டுதரம்."

அந்தப் பிள்ளை கரவெட்டியில் இருந்து வந்தவர். தகப்பன் இல்லை, கீழே இரண்டு தங்கச்சிமார். மற்றப் பாடங்கள் எல்லாம் பாஸ். இங்கிலீஸ் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. இனி ஒரு தரம்தான் எழுதலாம். அதில் பாஸ் பண்ணாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எதிர்பார்த்திருக்கிற ஆசிரியர் வேலையும் இல்லை. முதலாம் வருடப் பிள்ளைகளோடு வந்து இருந்து படித்ததும் அதனால்தான்.

"தம்பியைப் பார்த்து எழுதிப் பழகும்" என்றார் மிஸ். "ஒரு நாளைக்கு மூண்டு வசனம். உவர் அங்கை ரோனியோ அறையிலைதான் நிக்கிறவர்."

என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மறுக்க எனக்கு வாய் வந்திராது.

அன்றைக்கு வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உங்களைப் பார்த்தே எழுதிப் பழகினம்? எழுத என்ன கிடக்கு உங்களிலை?"

"அதுதான் எனக்கும் தெரியேல்லை."

"அப்ப அந்தப் பிள்ளை இந்த முறையும் பெயில்தான்" என்றாள்.

பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது உள்ளே போய்விட்டது.

அடுத்தநாள் முதல் அந்தப் பிள்ளை ரோனியோ அறைக்கு வந்து, தாள்கட்டின் மேல் இருந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். அவர் பார்த்ததும் கை நின்றது.

"ஏன் அண்ணை நிப்பாட்டினியள்?"

"நீங்கள் பார்க்கிறியள்."

"நான் பார்க்கத்தானே வந்தனான். சுத்துங்கோ."

சுற்றினேன். அவர் பேனையை எடுத்தார். கை திரும்ப நின்றுவிட்டது.

"ஐயோ அண்ணை, நீங்கள் நிண்டுகொண்டிருந்தால் நான் என்னெண்டு எழுதிறது?"

கேள்வியும் கேட்பார். உங்களுக்கு என்ன விருப்பம்? இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமோ? இது சுத்தேக்கை என்ன யோசிப்பியள்? ஒருவரும் என்னிடம் கேட்டிராத கேள்விகள். யோசித்துப் பார்த்தேன், சுற்றும்போது நான் ஒன்றுமே யோசிப்பதில்லை. அதைச் சொன்னேன். அவர் எழுதாமல் பேனையை மூடிவிட்டார்.

"இப்பிடிச் சொன்னால் என்ன வசனம் வரும் அண்ணை?"

இப்படியே நாட்கள் போயின. வசனம் வரவில்லை. வந்ததெல்லாம் தாத்தாதான். மூன்று வசனம் எழுதச் சொன்னால் மூன்றாவதில் எப்படியோ ஒரு பொல்லு வந்துவிடும். அவரே வாசித்துவிட்டுத் தாளைக் கசக்கி எறிவார். பிறகு, தாள் இல்லாத காலம் என்ற ஞாபகம் வந்து, எடுத்து நீவி வைப்பார்.

ஒருநாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பொம்பர் விமானம் வந்தது. சத்தம் கேட்டவுடனேயே எல்லோரும் வாங்குகளை விட்டு ஓடினோம். வகுப்பறைக்குப் பின்னால், பனங்குற்றி போட்டு மண் மூட்டை அடுக்கிய பங்கர் இருந்தது. நெருக்கியடித்து உள்ளே இருந்தோம். மேலே அது சுற்றுகிற சத்தம். சில பிள்ளைகள் தேவாரம் சொன்னார்கள். என் பக்கத்தில் இந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தார். உற்றுக் கேட்டேன். தேவாரம் இல்லை, இங்கிலீஸ். தாத்தா கட்டுரை.

மிஸ்ஸுக்கும் கேட்டிருக்கிறது.

"பிள்ளை," என்று இருட்டுக்குள் இருந்து அவருடைய குரல் வந்தது, "இப்ப உமக்கு என்ன தெரியுது?"

"ஒண்டும் தெரியேல்லை மிஸ். இருட்டு."

"அதைச் சொல்லும், இங்கிலீசிலை."

"மிஸ், மேலை சுத்துது மிஸ்..."

"அதையும் சொல்லும்."

பிறகு அந்தப் பிள்ளை இங்கிலீசில் ஏதோ சொன்னார். மிகச் சின்ன வசனம். பிறகு இன்னொன்று. தூரத்தில், நாவாந்துறைப் பக்கமாக இருக்கவேண்டும், குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தது. என் தலையில் மண் கொட்டியது. அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து, வாசலால் வந்த சொற்ப வெளிச்சத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மூன்றாவது வசனத்தையும் சொன்னார்.

மிஸ் கை தட்டினார்.

அந்தக் கைதட்டல் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வெளியே யார் வீடோ போய்விட்டது. உள்ளே நாலைந்து சொல்லுக்கு ஒருவர் கை தட்டுகிறார். அவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று பயந்தேன். வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றபோது, "என்ன தங்கச்சி சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"இருட்டாய் இருக்கு. எனக்குப் பயமாய் இருக்கு. அண்ணையின்ரை தலையிலை மண் கிடக்கு. அவ்வளவுதான்."

"அதுக்கே கை தட்டினவா?"

"ஓம்."

"ஏன்?"

"எனக்கும் விளங்கேல்லை அண்ணை."

அதற்குப் பிறகு அவர் எழுதத் தொடங்கினார். மூன்று வசனம், நாலு வசனம். எழுதியதை மிஸ்ஸிடம் கொண்டுபோவார். திரும்பி வரும்போது தாள் முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு வசனத்திலும் இரண்டு இடம் சுழித்திருக்கும். ஆனால் கீழே 'நல்லது' என்று போட்டிருக்கும். அது அவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"பாருங்கோ அண்ணை. முந்தி ஒரு பிழையும் இல்லை, பெயில். இப்ப எல்லாமே பிழை, நல்லதாம். பரீட்சையிலை நான் எதை நம்பி எழுதிறது? இதையோ, தாத்தாவையோ?"

எனக்குள் தாத்தாதான் பாதுகாப்பு என்று பட்டது. பிழை இல்லாத எழுத்தைக் கொடுத்தவரைவிடப் பிழையான எழுத்தைக் கொடுத்தவருக்கு எந்த ஊரில் கூடப் புள்ளி போடுவார்கள்? ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "மிஸ் சொல்லிறமாதிரிச் செய்யுங்கோ" என்றேன். சொன்ன பிறகு, அந்தக் குடும்பத்தின் தலையில் நான் கல்லைப் போட்டுவிட்டேனோ என்று நித்திரை வரவில்லை.

பரீட்சைத் தாளை நான்தான் அடித்தேன். கறுப்பாக விழுந்தது. என்ன கேட்டிருக்கிறது என்று தெரியாது.

பரீட்சை நாளில் மண்டபத்தில் வாங்குகளை இடைவெளி விட்டுப் போட்டுவிட்டு, வாசலடியில் நின்றேன். மேற்பார்வைக்கு வேறு பகுதியில் இருந்து ஒரு விரிவுரையாளர் சேர் வந்தார். நல்ல பருத்த மனிதர். கேள்வித்தாள் கொடுத்துக் கொஞ்ச நேரம் போனது. திடீரென்று ஒருவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும். இடுப்புச் சாரம் கீரம் கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். நான் காற்சட்டைதான் போட்டிருந்தேன்.

அப்போதுதான் ஊகித்தேன். இந்த மண்டபத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றி எழுது என்று மிஸ் கேட்டிருக்கவேண்டும்.

அந்தப் பிள்ளை மூன்றாவது வரிசையில் இருந்தார். அவரும் பார்த்தார். நான் அசையக்கூடாது என்று முடிவெடுத்தேன். ரோனியோ அறையில் நான் ஒழுங்காக இருக்காததால்தானே அவருக்கு அவ்வளவு நாளாக எழுத வரவில்லை. இன்றைக்காவது நன்றாகப் பார்க்கட்டும். கையைக் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சையும் மெதுவாக விட்டுக்கொண்டு நின்றேன். கட்டெறும்பு ஒன்று காலில் ஏறிக் கடித்தது. அப்போதும் நின்றேன்.

"ஏன் காணும் விறைச்சுப்போய் நிக்கிறீர்? அந்த யன்னலைத் திறந்து விடும், புழுங்குது" என்றார் சேர்.

ஓடிப்போய்த் திறந்துவிட்டு, ஓடிவந்து அதே இடத்தில் அதே மாதிரிக் கையைக் கட்டினேன். இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு இருந்தார். மற்றவர்கள் பக்கம் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார்கள். அவருடைய தாள் வெறுமையாகக் கிடந்தது. பிறகு அவருடைய உதடு அசைந்தது. பங்கருக்குள் அசைந்த அதே மாதிரி. தாத்தா வரப்போகிறார் என்று நினைத்தேன். வரட்டும் என்றும் நினைத்தேன், வேண்டாம் என்றும் நினைத்தேன். எது நல்லது என்று எனக்கே தெரியாதபோது நான் எதற்காக வேண்டிக்கொள்வது?

பிறகு குனிந்து எழுதினார். நேரம் முடிந்து தாள்களைச் சேர்த்தபோது பார்த்தேன். அரைப் பக்கம்தான். நடுவில் இரண்டு மூன்று வெட்டு. அவருக்கு முன்னால் இருந்தவருடைய தாளில் இரண்டு பக்கம், அச்சடித்தது போல. போய்விட்டது என்று முடிவு செய்தேன். அவர் நேரே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் மறித்துக் கேட்கவில்லை.

பெறுபேறு வரும்வரை கரவெட்டிப் பக்கத்துப் பிள்ளைகளைக் கண்டால் விலகி நடந்தேன். மிஸ்ஸும் மற்றவர்களும் தாள் திருத்தும்போது தேநீர் கொண்டுபோனேன். மிஸ் ஒரு தாளைப் பார்த்துவிட்டு மேசையில் கை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். யாருடையது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கிளாசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒருநாள் பின்னேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பிள்ளை ரோனியோ அறை வாசலுக்கு வந்தார்.

"அண்ணை, பெறுபேறு போட்டிட்டினம். பாஸ்."

"நல்லது, நல்லது" என்றேன். பிறகு, என் வாழ்க்கையில் அதுவரை நானாகக் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன். "என்னைப் பற்றி என்ன தங்கச்சி எழுதினனீங்கள்?"

அவர் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"கோவிக்காதையுங்கோ அண்ணை. நான் உங்களைப் பற்றி எழுதேல்லை."

"ஏன்?"

"எழுதப் பார்த்தனான். 'ஒரு மனிசன் வாசலிலை நிக்கிறார்' எண்டு நினைச்சன். அடுத்த வசனம் வரேல்லை. நீங்கள் கல்லு மாதிரி நிண்டியள். என்ன அண்ணை அப்பிடி நிண்டனீங்கள்? உடம்புக்கு வருத்தம் ஏதுமோ?"

"நீங்கள் எழுத வேணும் எண்டுதான்..."

"ஐயோ!" என்றார். "பிறகு பார்த்தால் அந்தச் சேர் நித்திரை. தலை மெல்ல மெல்லச் சரிஞ்சு நெஞ்சிலை முட்டுது. முட்டினவுடனை திடுக்கிட்டு எழும்பி மணிக்கூட்டைப் பார்க்கிறார், ஏதோ அதுக்குத்தான் எழும்பினமாதிரி. பார்த்திட்டுத் திரும்பவும் சரியுறார். அதைத்தான் எழுதினன். எத்தினை பிழை எண்டு தெரியாது."

வாசலில் அவ்வளவு நேரம் நின்றும் சேர் நித்திரை கொண்டதை நான் காணவில்லை. நான் அசையாமல் நிற்பதிலேயே கவனமாக இருந்திருக்கிறேன்.

"அப்ப நான் சும்மா நிண்டனானோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை, சும்மாதான் நிண்டியள்" என்றார். அதில் பகிடியும் இல்லை, குறையும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"அம்மாவுக்குச் சொல்லியாச்சோ?"

"இல்லை. இனித்தான். பொழுது பட முதல் வல்லை வெளியைத் தாண்டவேணும்."

சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். நான் வாசல் படலைவரை போனேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. கொஞ்சம் மனக்குறையாகவும் இருந்தது. அது என்ன குறை என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் சந்தியில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வகுப்பறைகளைப் பூட்டப் போனேன்.